கேட்டாங்க, சொன்னேன்

மணிமங்கலத்துக்கு வழி கேட்டு ஒரு லாரிக்காரர் எங்கள் லைன் வீட்டு வாசலில் வந்து நின்றார். பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்த ஓனரம்மா, முடியிலிருந்து சீப்பை எடுக்காமலேயே இன்னொரு கையை நீட்டி, "இப்டியே நேரா போ. ரெண்டாவது கூட்ரோட்ல லெப்ட்ல ஒடி. ஒரு புளியமரம் வரும், அங்க கேளு" என்றாள். அவள் கை காட்டியது வாலாஜாபாத் பக்கம். மணிமங்கலம் அதற்கு நேர் எதிர்த்திசை. வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. வெகுநேரம் கழித்து அதே லாரி திரும்பி வந்து, டிரைவர் இறங்கிக் கத்த ஆரம்பித்தார். அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"நீ ரெண்டாவதுல திரும்புனியா, மூணாவதுல திரும்புனியா?"

"ரெண்டாவதுலதாம்மா."

"அத்தான் தப்பு. சரி, வெயில்ல வந்துகீற, மொதல்ல தண்ணி குடி."

சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்து, இன்னொரு வழியும் சொல்லி அனுப்பினாள். அதுவும் தப்பான வழி.

அவளைப் பற்றி எழுதும்போது மரியாதையாக 'அவர்' என்று எழுதத்தான் பார்த்தேன். கை வரவில்லை. நல்லவிதமாக நாலு வார்த்தை சேர்க்கலாம் என்று என் கணவர் சொன்னார். தண்ணீர் கொடுத்ததை எழுதியாயிற்று. இன்னும் ஒன்று இருக்கிறது, அதை அதன் இடத்தில் சொல்கிறேன். அதற்குமேல் என்னிடம் இல்லை.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஏஜெண்ட் ஒருவர் எங்களை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து, கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டார். அப்போது ஒரகடத்தைச் சுற்றி இன்றைக்கு இருக்கிற அளவு கம்பெனிகள் வந்திருக்கவில்லை. மண் அடிக்கிற லாரிகளும், கல் நட்ட காலி நிலங்களும், நடுவில் ஏரிகளும்தான். வல்லக்கோட்டை போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தன் நிலத்தில் வரிசையாக ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறைகள் கட்டி, வெளியூர்ப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள் அவள். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவள் ஓனரம்மா, நேரில் பேசும்போது அக்கா. கனத்த உடம்பு, கரகரத்த குரல், இடுப்பில் ஒரு முடிச்சு நிறையச் சோம்பு. எந்நேரமும் அதை மென்றுகொண்டிருப்பாள். பக்கத்தில் போனால் பிரியாணிக் கடை வாசம் அடிக்கும்.

அவளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் பதில் வந்தே தீரும். கரண்ட் எப்போது வரும், மழை பெய்யுமா, தபால்காரர் ஏன் வரவில்லை, வயிற்றுவலிக்கு எந்த மாத்திரை, அடுத்த மாதம் போனஸ் உண்டா, எதுவானாலும். ஒரு நொடி யோசித்து நான் பார்த்ததில்லை. கேள்வி முடியும் முன்பே பதில் கிளம்பி வரும். அந்தப் பதிலில் புளியமரம் மாதிரி ஏதாவது ஒரு அடையாளமும் இருக்கும். அந்த அடையாளம்தான் ஆளை நம்ப வைப்பது.

ஆரம்பத்தில் எங்களுக்கு இது சிரிப்பாக இருந்தது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து தமிழரசி என்று ஒரு பெண் எங்களுக்கு அடுத்த அறையில் இருந்தாள். ஒருநாள் அவள் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் மகளைப் பார்க்க வந்துவிட்டார். தமிழரசி ஓ.டி. பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் எங்கே என்று அவர் கேட்டதும் ஓனரம்மா, "சினிமாவுக்குப் போயிருக்கும். கூட நாலஞ்சு பேரு போச்சுங்க, ஒரு பையன் கூட வந்து வண்டில இட்டுகினு போனான், செவப்பு சட்ட" என்று சொல்லிவிட்டாள். மனிதர் வாசலிலேயே நின்றார். தமிழரசி அலுத்துப்போய்க் கம்பெனிக் கோட்டோடு வந்து இறங்கினாள். அவள் அழுதது, நாங்கள் சத்தியம் செய்தது எதுவும் எடுபடவில்லை. அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிக் கூட்டிப்போய்விட்டார். வழிச் சாப்பாட்டுக்கு எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொடுத்தவளும் ஓனரம்மாதான். தமிழரசி அதை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. ஓனரம்மா அதைக் கவனிக்கவே இல்லை. "பஸ்ஸுல ஜன்னலோரமா குந்து, வாந்தி வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எங்களுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

என் அறையில் என்னோடு இருந்தவள் ஜோதி. விளாத்திகுளம் பக்கம். கட்டையான முடி, கனத்த குரல், யாரையும் 'ஏட்டி' போட்டுத்தான் பேசுவாள். பூ வாசம் அவளுக்கு ஆகாது, ஒற்றைத் தலைவலி வந்துவிடும். பண்டிகைக்கு யாராவது பூ வாங்கி வந்தால் அறைக்கு வெளியே கொடியில் தொங்கவிடச் சொல்வாள். மோட்டார் சைக்கிளில் ஏறப் பயம். சின்ன வயதில் விழுந்து முழங்காலில் தையல் போட்டிருந்தது. கம்பெனி லைனில் அவள் கை வேகத்துக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியாது. அவளுக்குப் பக்கத்து இடம் கிடைத்தால் அழுகைதான் வரும்.

அவள் தெருக்காரப் பையன் முருகேசன், ஸ்ரீபெரும்புதூரில் வேறொரு கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை பார்த்தான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவான். ஜோதியின் அம்மா கொடுத்தனுப்பிய கருப்பட்டி மிட்டாயோ சேவோ எதுவோ ஒரு பொட்டலம் கையில் இருக்கும். வாசலில் நின்றபடி கொடுப்பான். "அம்மை நல்லாருக்காளா?" என்று இவள் கேட்பாள். "இருக்காக" என்பான். போய்விடுவான். கேட்டைத் தாண்டி அவன் உள்ளே வந்ததில்லை. அவர்களுக்குள் வேறு எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் ஜோதியால் அதை ஒரு நாள்கூட வாயில் வைத்திருக்க முடியாது.

ஒரு மார்கழி மாதம் ஜோதிக்கு முதல் ஷிஃப்ட், எனக்கு இரண்டாவது. விடியும் முன்பே கம்பெனி பஸ் கூட்டுரோட்டுக்கு வந்துவிடும். ஏரிக்கரையை ஒட்டிப் போகிற மண்பாதையில் நடந்துபோய் ஏற வேண்டும். அன்று அவள் பஸ்ஸில் ஏறவில்லை. மதியம் ஆடு மேய்க்க வந்தவர் கரைக்குக் கீழே கருவேலம்புதருக்குள் அவளைப் பார்த்தார். தலையின் பின்பக்கம் அடி. காதில் தோடு இருந்தது, கழுத்தில் செயின் இருந்தது, டிபன் பாக்ஸ் மூடிகூடத் திறக்காமல் பக்கத்தில் கிடந்தது. ஆடை கலையவில்லை என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள். யார் அடித்தது, எதற்காக அடித்தது என்று அன்றும் எவருக்கும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. இதற்குமேல் அந்த வழக்கில் உண்மை என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

ஆனால் ஓனரம்மாவிடம் இருந்தது. முதல் நாள் விசாரணையிலேயே, விடிகாலையில் சாணி தெளிக்க வந்தபோது சிவப்பு கேபின் போட்ட ஒரு மண் லாரி விளக்கை அணைத்துவிட்டு ஏரிக்கரையில் நின்றதைப் பார்த்ததாகச் சொன்னாள். அவள் வாசலிலிருந்து ஏரிக்கரை தெரியாது. நடுவில் தோப்பு. எனக்குத் தெரிந்து விடிகாலையில் அவள் எழுந்ததும் இல்லை. போலீஸ் ஒரு மாதத்துக்குமேல் சிவப்பு லாரிகளாகத் தேடி டிரைவர்களைப் பிடித்து உட்காரவைத்தது. பிறகு கேட்டபோது லாரி நீலமாகிவிட்டது. அதற்குப் பிறகு அது லாரியே இல்லை, டெம்போ. அந்த முதல் மாதம்தான் எதையாவது கண்டுபிடிக்க வாய்ப்பிருந்த மாதம் என்று பின்னாளில் ஒரு ஏட்டு என்னிடம் வருத்தப்பட்டார்.

நல்லது இன்னொன்று இருக்கிறது என்றேனே, அது இதுதான். ஜோதியின் அம்மா உடலை வாங்க வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் யாரும் அந்த அம்மாளிடம் வாய் திறக்கவில்லை. எங்களாலும் முடியவில்லை. ஓனரம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்பிள்ள ரொம்பத் துடிச்சிருப்பாளோ?" என்று அந்த அம்மாள் கேட்டாள். "இல்லக்கா. ஒரே அடி. நான் டாக்டர்கிட்டயே கேட்டேன். அதுக்கு இன்னா ஆச்சுன்னே தெரிஞ்சிருக்காது, தூங்குற மாறி போயிருக்கு" என்றாள். எந்த டாக்டரிடமும் அவள் பேசவில்லை. ஆனால் அந்த அம்மாள் அதற்குப் பிறகுதான் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். அன்று மட்டும் ஓனரம்மாவின் வாயை அடைக்க எனக்குத் தோன்றவில்லை.

முருகேசனை அப்போதே விசாரித்தார்கள். அன்றிரவு அவன் நைட் ஷிஃப்டில் இருந்தான், காலையில்தான் வெளியே வந்தான். கம்பெனியில் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். மெல்ல மெல்ல வழக்கு அடங்கியது. ஏரிக்கரைப் பாதையில் யாரும் தனியாகப் போகாமல், கும்பலாகப் போக ஆரம்பித்தோம். புதிதாக வந்த பெண்களுக்கு ஜோதி யாரென்றே தெரியாது.

இரண்டு வருஷம் கழித்துத்தான் டிவிக்காரர்கள் வந்தார்கள். துப்பு கிடைக்காத கொலைகளை நடிகர்களை வைத்து நடித்துக் காட்டுகிற ஒரு நிகழ்ச்சி வாராவாரம் வந்துகொண்டிருந்தது. நாங்களும் அதைப் பார்த்துப் பயந்திருக்கிறோம். ஒரு வேனில் கேமரா, விளக்குகள், தாடி வைத்த இளம் டைரக்டர் ஒருவர். எனக்கு அன்றும் இரண்டாவது ஷிஃப்ட் என்பதால் காலையில் அறையில் இருந்தேன். முதலில் என்னைத்தான் கேட்டார்.

"கூட இருந்தவங்க நீங்கதானே? உங்களுக்கு யார்மேலயாவது சந்தேகம்?"

"தெரியாது சார்."

"யாராவது பின்னாடி சுத்துனாங்களா, லவ், சண்டை, அந்த மாதிரி?"

"அப்படி எதுவும் இல்ல சார்."

"என்ன நடந்திருக்கும்னு நீங்க நினைக்கிறீங்க?"

"தெரியாது சார்."

அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. சலிப்போடு சிரித்தார். "அரை மணி நேர ப்ரோக்ராம்மா. தெரியாது தெரியாதுனே எப்படி ஓட்டுறது, சொல்லுங்க" என்றார். நான் பதில் சொல்லும் முன்பே ஓனரம்மா பச்சை நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டுவிட்டாள். "அத்த ஏன் கேக்குறீங்க, அது சின்னப் பொண்ணு, பயந்துகினு சொல்லாது. நீங்க இப்டி குந்துங்க, நான் சொல்றேன்" என்றாள்.

அன்று முழுக்க அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பாதியைக் கேட்டேன். தலை நிறைய மல்லிப்பூ வைப்பாளாம். எந்நேரமும் பாட்டுப் பாடுவாளாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பையன் பைக்கில் வந்து கூட்டிப்போவானாம். சாவதற்கு முந்தின வாரம் இதே கேட்டில் நின்று அவன் கையை ஓங்கினானாம். நான் துணியைப் போட்டுவிட்டு வந்து, "அக்கா, அப்படி எதுவும் நடக்கலயே" என்றேன். டைரக்டர் என்னைப் பார்த்தார். "நீ அப்ப ஷிப்ட்டுக்குப் போயிருந்தடி" என்றாள் அவள். அவ்வளவுதான். அவர் தலையை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கூப்பிட்டு இன்னொரு முறை சொன்னதும், "உங்க வெர்ஷனும் இருக்கும்மா, எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்றார். இருக்கவில்லை.

ஓனரம்மாவாக அவளையே நடிக்கச் சொன்னார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், லீவில் இருந்த எல்லோரையும் தன் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, தட்டு நிறைய மிக்சர் வைத்தாள். எங்கள் கேட் வந்தது, அது எங்கள் கேட்தான். எங்கள் அறைக் கதவு, அடியில் துருப்பிடித்த கதவு, அதுவும் எங்களுடையதுதான். இத்தனை நிஜத்துக்கு நடுவில் ஜோதி என்று ஒருத்தி வந்தாள். இடுப்புவரை முடி, முடி முழுக்கப் பூ, சினிமாவில் பேசுகிற தமிழ். கம்பெனிக்கு நீலக் கோட் போட்டுப் போனவளைச் சிவப்புத் தாவணியில் காட்டினார்கள். பைக்கின் பின்னால் உட்கார்ந்து ஏரிக்காற்றில் சிரித்துக்கொண்டே போனாள். எங்களில் யாரிடமும் செல்போன் கிடையாது, கடையில் ஒரு ரூபாய் போட்டுப் பேசிய காலம் அது. அவள் கையில் ஒரு செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவளோடு அறையில் இருக்கும் பெண்ணாக, கண்ணில் மை அப்பிய ஒருத்தி. அவள் பையனிடம் லெட்டர் வாங்கி வந்து கொடுக்கிறாள். அது நான். பிறகு கேட்டில் சண்டை. கன்னத்தில் அறை. பிறகு பனி இல்லாத, நிலா காய்கிற ஒரு ராத்திரி, நாய் ஊளை, புதரில் சிதறிய மல்லிப்பூ. கொலை செய்கிறவன் முகத்தைக் காட்டவில்லை. கடைசியில் கனத்த குரலில் ஒருவர், 'உண்மை என்றாவது வெளியே வரும்' என்று சொல்கிறபோது, அந்தப் பையனாக நடித்தவன் பஸ்ஸ்டாண்டில் திரும்பிப் பார்க்கிற முகத்தைத் திரை நிறையக் காட்டி நிறுத்திவிட்டார்கள். பெயரை மாற்றி ரமேஷ் என்று வைத்திருந்தார்கள். ஊர் விளாத்திகுளம் என்பதை மாற்றவில்லை.

நான் ஓனரம்மாவைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நடிப்பு இல்லை. முதல் தடவையாக இந்தச் செய்தியைக் கேட்கிறவள் மாதிரி இருந்தாள்.

"பாவி, எப்டி அடிக்கிறாம் பாரு" என்றாள்.

அடுத்த வாரமே முருகேசனைக் கம்பெனி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவனோடு அறையில் இருந்த பையன்கள், வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். டிவியில் வந்துவிட்டதே என்று மேலேயிருந்து கேட்டிருப்பார்கள் போல, போலீஸ் அவனை மறுபடியும் கூப்பிட்டு உட்காரவைத்தது. இந்தச் செய்தியைக் கேட்டதும் நேராக ஓனரம்மாவிடம் போனேன். அவள் சோம்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுல சண்டை போட்டத நீங்க பாத்தீங்களாக்கா?"

"இன்னாடி இப்போ?"

"பாத்தீங்களா இல்லையா?"

"அவங்க கேட்டாங்க, சொன்னேன்."

"பாக்காதத எதுக்குச் சொன்னீங்க?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். எனக்குப் புரியாத ஒன்றைப் பொறுமையாக விளக்குகிறவள் போலப் பேசினாள். "நம்ம வூட்ல இருந்த பொண்ணு அது. அம்மாந் தூரத்துலேந்து வண்டி வச்சிகினு வந்து கேக்குறாங்க. ஒண்ணும் தெரியாதுன்னு கைய விரிச்சா அசிங்கமா இருக்காதா? வூட்ல கீற பொண்ணைப் பத்தியே தெரியாம நீ இன்னாத்துக்கு வூடு வுட்டேன்னு கேக்க மாட்டாங்க?"

"அந்தப் பையனப் பிடிச்சு வச்சிருக்காங்கக்கா. உங்களாலதான். ஸ்டேஷனுக்கு வந்து உண்மையச் சொல்லுங்க."

மறுப்பாள் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். அவள் உடனே எழுந்து புடவை மாற்றிக்கொண்டாள். "பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்று சொல்லிக்கொண்டே ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வழி நெடுக அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சண்டை எதுவும் பார்க்கவில்லை, டிவிக்காரர்கள் கேட்டதால் சும்மா சொன்னேன், இவ்வளவு சொன்னால் போதும் என்றேன். தலையாட்டினாள்.

எஸ்.ஐ. சண்டையைப் பற்றிக் கேட்டார். "சண்டையெல்லாம் இல்லீங்க" என்றாள். எனக்கு உயிர் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த முருகேசன் தலையைத் தூக்கினான். எஸ்.ஐ. விட்டிருக்கலாம். விடாமல், "அப்ப அன்னிக்குக் காலையில இவன் எங்க இருந்தான், உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டார்.

"தெரியுமே. சுங்குவார்சத்திரத்துல டீக்கடையில நின்னுகினு இருந்துச்சு இந்தப் புள்ள. நான்தான் பாத்தேனே. பன்னு சாப்ட்டுகினு இருந்துச்சு" என்றாள்.

அவனைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எஸ்.ஐ. முருகேசன் பக்கம் திரும்பினார். "கம்பெனிக்குள்ள ஷிஃப்ட்ல இருந்தேன்னு நீ சொல்ற. கடையில நின்னேன்னு இந்தம்மா சொல்லுது. எதுடா நெசம்?" அவன் என்னைப் பார்த்தான், ஓனரம்மாவைப் பார்த்தான். எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அவனை அதற்கடுத்த நாள் மாலைதான் விட்டார்கள். அதுவும் பழைய கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர், நல்ல மனிதர், தானே வந்து அவன் அன்று தன் லைனில்தான் இருந்தான் என்று சொன்ன பிறகு. இடது கையைத் தூக்க முடியாமல் வந்தான். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான்.

அன்று வெளியே வந்ததும் ஸ்டேஷன் வாசலிலேயே ஓனரம்மா என்னிடம், "நல்லா சொன்னேன் இல்ல? நாளைக்கு வுட்ருவாங்க பாரு" என்றாள். அந்த மாதமே அறையைக் காலி செய்தேன்.

ஊருக்குப் போனேன். எனக்குப் பேசிவைத்திருந்த கழுகுமலைக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. லெட்டர் வாங்கிக் கொடுத்தாளே அந்தப் பெண்தானே இவள் என்று கேட்டார்கள். அது நடிப்பு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அப்பா சொன்னார். "நடக்காமயா டிவியில போடுவாக?" என்றார்கள். தட்டை மாற்றாமல் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டு இடமும் அதே கேள்வியோடு நின்றது. அம்மா என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அவளுக்கும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஜோதியின் அம்மாவைப் பார்க்க அவள் ஊருக்குப் போனபோது, அங்கே முருகேசன் கூரை வேய்ந்துகொண்டிருந்தான். ஊரில் மற்றவர்கள் அவனை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. இந்த அம்மாள் கூப்பிட்டிருக்கிறாள். அவளும் அந்த நிகழ்ச்சியைப் பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறாள். ஒரே ஒரு குறைதான் சொன்னாள். "எம்பிள்ளைக்கு ஏது அம்புட்டு முடி? பேன் புடுச்சிருமுன்னு நாந்தான் கத்தரிச்சு விட்டுக்கிட்டே இருப்பேன்" என்றாள். பிறகு எங்கள் இருவருக்கும் சோறு போட்டுவிட்டு, நாங்கள் சாப்பிடுவதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ரெண்டு பேத்தையும் இனி எவன் வீட்டுலயும் சேக்க மாட்டான். பேசாம நீங்களே கட்டிக்கிடுங்க."

முருகேசன் இலையைப் பார்த்துக்கொண்டே, "அதுவும் டிவியில வரும் அத்தை" என்றான். ஜோதி செத்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். ஆறு மாதத்தில் கல்யாணம் நடந்தது. என் அம்மா வந்தாள், அப்பா வரவில்லை. தாலி எடுத்துக் கொடுத்தது ஜோதியின் அம்மா.

வேலை என்று பார்த்தால் மறுபடியும் அதே பக்கம்தான் வர வேண்டியிருந்தது. அதற்குள் ஒரகடத்தில் புதிது புதிதாகக் கம்பெனிகள் எழும்பிவிட்டன. பழைய முகங்கள் இல்லாத ஒன்றில் என் கணவர் சேர்ந்தார். படப்பையில் குடியிருந்தோம். மகன் பிறந்தான். வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டியிருந்தோம். போகாமல் தட்டிக்கழித்து, ஒருநாள் கிருத்திகை இல்லாத நாளாகப் பார்த்து, கூட்டம் இருக்காது என்று போனோம்.

மொட்டை போட்டுச் சந்தனம் பூசித் தரிசனம் முடித்து வரும்போது, பிரகாரத்தில் நாலைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் சோம்பு வாசம். உடம்பு இன்னும் கனத்திருந்தது, தலை நரைத்திருந்தது. திரும்பிவிடலாம் என்று நான் அவர் சட்டையைப் பிடிப்பதற்குள் பார்த்துவிட்டாள்.

"அட, செல்வி. இன்னாமே, எப்ப வந்த? இது உன் புள்ளையா?"

கையை நீட்டினாள். அவள் குரலில் பழைய பாசம் அப்படியே இருந்தது. நான் தரவில்லை. எழுந்து வந்து என் தோளில் இருந்த குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்துப் பெண்களிடம், "நான் சொல்லிகினு இருந்தேனே, ஏரிக்கரையில ஒரு பொண்ண, அதுகூட ஒரே ரூம்ல இருந்த பொண்ணு இது" என்றாள்.

ஒரு பெண் ஆவலோடு என்னைப் பார்த்தாள். "அய்யோ, யாரும்மா பண்ணது?"

"யாருன்னு தெரியலங்க. கண்டுபிடிக்கவே இல்ல" என்றேன்.

அவள் முகத்தில் ஆவல் வடிந்துவிட்டது. மற்றவர்களும் ஓனரம்மா பக்கமே திரும்பிக்கொண்டார்கள். அப்போதுதான் ஓனரம்மா எனக்குப் பின்னால் திருநீற்றுப் பொட்டலத்தோடு நின்றவரைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். அவரை, என்னை, குழந்தையை, மறுபடியும் அவரைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. பிறகு அவள் முகம் மலர்ந்தது. வஞ்சகமெல்லாம் இல்லை. ஒரு கணக்கு நேரான மகிழ்ச்சிதான் அது. அந்தப் பெண்கள் பக்கம் குனிந்து, எங்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"நான் அப்பவே சொன்னேன் இல்ல?"

அவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொன்னாலும் அதையும் அவள் சேர்த்துக்கொள்வாள் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டேன். அவர், "வா போவோம்" என்று மட்டும் சொன்னார். நாங்கள் நகர்வதற்குள் அவள் தன் உள்ளங்கையில் இருந்த திருநீற்றை எடுத்துக் குழந்தையின் நெற்றியில் பூசி, மொட்டைத் தலையில் கை வைத்து, "நூறு வயசு நல்லா இரு ராசா" என்றாள்.

பஸ் புறப்பட்டதும் முந்தானையில் எச்சில் தொட்டுக் குழந்தையின் நெற்றியைத் துடைத்தேன். சந்தனமும் சேர்ந்து வந்தது. அவன் சிணுங்கினான்.

"சாமி திருநீற எதுக்குளா அழிக்க?" என்று அவர் கேட்டார்.

 நெற்றி சுத்தமாகும்வரை துடைத்துவிட்டு, கோயில் பொட்டலத்தைப் பிரித்து என் கையால் பூசிவிட்டேன்.